பெர்காவ் அணை: உதவியா, வியாபாரமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிக்கு அச்சுப்பொறிகளை இலவசமாக வழங்கியது. மாலை அணிவித்துப் பெற்றுக்கொண்டோம். அதற்குரிய மையை அவர்களிடமே வாங்கவேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மைச் செலவுக் கணக்கை வாசித்தவன் நான்தான். ஒரு தந்தை எழுந்து, "சார், இது தானமா, வியாபாரமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு பெர்காவ் அணை நினைவுக்கு வந்தது.

கிளந்தான் மாநிலத்தின் ஜெலி மாவட்டத்தில் 600 மெகாவாட் திறனுடன் இயங்கும் நீர்மின் நிலையம் அது. பிரிட்டனின் உதவிப் பணத்தில் எழுந்தது. 1988 மார்ச்சில் பிரிட்டனின் தற்காப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவுடன் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டார். மலேசியா வாங்கும் ஆயுதங்களின் மதிப்பில் 20 விழுக்காட்டுக்கு நிகரான தொகை உதவியாக வரும் என்பது அதன் சாரம். பின்னர் அந்த இணைப்பை பிரிட்டன் கைவிட்டதாக அறிவித்தது. ஆனால் உதவி வாக்குறுதி மட்டும் நிலைத்தது. 1989இல் பிரிட்டிஷ் நிறுவனங்கள் கூறிய விலை 316 மில்லியன் பவுண்டு. பிரதமர் தாட்சர் உதவிக்கு வாக்களித்த இரண்டே வாரங்களில் அது 397 மில்லியனாக ஏறிவிட்டது! எரிவாயு மின்நிலையமே மலிவானது என்று பிரிட்டனின் உதவித் துறைப் பொருளாதார வல்லுநர்கள் கணித்திருந்தனர். அத்துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர் 1991இல் எழுத்துபூர்வமாக மறுப்புத் தெரிவித்தார். ஓர் அரசு ஊழியர் தம் அமைச்சரிடம் அவ்வாறு எழுதுவது எளிதன்று. நானும் அரசு ஊழியன்தான். எனினும் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் 234 மில்லியன் பவுண்டுக்கு ஒப்புதல் வழங்கினார்.

1994இல் விவகாரம் வெடித்தது. பிரிட்டிஷ் பத்திரிகைச் செய்தியால் சினமுற்ற பிரதமர் மகாதீர், பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அரசாங்கக் குத்தகைகள் இல்லை என்றார். சில மாதங்களில் தடை நீங்கியது. அவ்வாண்டு நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம், உதவி நிதியை இதற்குச் செலவிட்டது சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது பிரிட்டனைச் சேர்ந்த ஓர் அறப்போராட்ட இயக்கம். மின்கட்டணம் செலுத்திய நாம் அல்லர்! 2002இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், வறுமை ஒழிப்பையே உதவியின் நோக்கமாக்கியது.

அந்நிய உதவி நாடுகளைக் கெடுக்கும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்ததிலும் அந்நிய உதவிக்குப் பங்குண்டு. அங்கே நோயைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். பெர்காவில் ஆயுதக் கணக்கைப் பார்த்து அணை கொடுத்தார்கள். வாங்கிய நாமும் விலையை உரக்கக் கேட்கவில்லை.

அச்சுப்பொறிகள் இப்போது எங்கள் பண்டக அறையில் இருக்கின்றன. அடுத்த நன்கொடைக் கடிதம் வந்தபோது, அந்தத் தந்தையையே அழைத்து முதலில் படிக்கச் சொன்னோம்.