ஒரு வெளிநாட்டுச் சதியை நிரூபிக்க எத்தனை வருடம்?

"சேர், ஆட்சி கவிழ்றதெல்லாம் வெளிநாட்டுச் சதிதானே?"

உயர்தர வரலாற்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் 'கூ 53' என்ற ஆவணப்படத்தைப் பற்றிச் சொன்னேன். ஈரானில் பிறந்த தகி அமிரானி இயக்கியது, 2019இல் வெளிவந்தது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1951இல் ஈரான் தனது எண்ணெய் வளத்தைத் தேசியமயமாக்கியது. அதுவரை அது ஆங்கிலோ-ஈரானியன் எண்ணெய்க் கம்பனியின் கையில் இருந்தது. அக்கம்பனியின் பெரும்பான்மைப் பங்கு பிரித்தானிய அரசாங்கத்துடையது. பிரதமர் முஹம்மத் முஸத்திக் பணியவில்லை. பிரித்தானியா ஈரானிய எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனது. இந்த வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று 1952இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிமன்றத்தில் கிடைக்காததைச் சதியால் எடுக்க முடிவானது. பிரித்தானிய உளவுத்துறையும் அமெரிக்காவின் சீ.ஐ.ஏ.யும் கைகோர்த்தன. 1953 ஒகஸ்ட் 15 இரவு நடந்த முதல் முயற்சி தோற்றது. மன்னர் ஷா பக்தாதுக்கும், அங்கிருந்து ரோமுக்கும் ஓடினார். நான்கே நாளில், 19ஆம் திகதி, காசு கொடுத்துத் திரட்டிய கூட்டமும் இராணுவத் தாங்கிகளும் முஸத்திக்கின் ஆட்சியை வீழ்த்தின. அவருக்கு மூன்று வருடச் சிறை. பிறகு 1967இல் மரணிக்கும் வரை வீட்டுக்காவல். 1954இல் ஈரானிய எண்ணெயில் அமெரிக்கக் கம்பனிகளுக்கு 40 வீதம் கிடைத்தது.

படத்தின் உயிர் ஒரு பழைய நேர்காணலின் எழுத்துப் பிரதி. 1985இல் ஒளிபரப்பான ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடருக்காக உளவு அதிகாரி நோர்மன் டார்பிஷயர் அளித்தது. சதியில் தன் பங்கை அதில் அவரே சொல்கிறார். ஆனால் ஒளிபரப்பில் அவர் இல்லை. படத்தில் அவரது வார்த்தைகளை நடிகர் ரேல்ஃப் ஃபைன்ஸ் பேசுகிறார். டார்பிஷயரைப் படம்பிடித்துப் பின்னர் நீக்கினார்களோ என்று அமிரானி சந்தேகிக்கிறார். அவர் கமராவின் முன் வரவே இல்லை என்று அந்தத் தொடரை எடுத்தவர்கள் மறுக்கிறார்கள். இந்த மறுப்பையும் சேர்த்துத்தான் படத்தைப் பார்க்க வேண்டும்.

சீ.ஐ.ஏ. தன் பங்கை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஆவணம் 2013இல்தான் வெளிவந்தது. அறுபது வருடம்! பிரித்தானியா இன்னும் உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெளியார் பணம் கொண்டுவந்தார்கள். அதை வாங்கிய கைகள் உள்ளூர்க் கைகள். இராணுவ அதிகாரிகள், பத்திரிகைக்காரர், தெருச் சண்டியர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். முஸத்திக்கும் தவறு விட்டார். பழைய நண்பர்களைப் பகைத்துக்கொண்டார்; பாராளுமன்றத்தைக் கலைக்க வாக்கெடுப்பு வைத்தார். வீட்டுக் கதவு திறந்திருந்ததால்தான் திருடனுக்கு வேலை இலேசானது.

ஆகவே அந்த மாணவனுக்கு என் பதில் இதுதான்: மகன், வெளிநாட்டுச் சதி என்பது கற்பனையல்ல, நடந்திருக்கிறது. ஆனால் அதை நமக்கு உறுதிப்படுத்தியது ஆவணங்கள். அவற்றைப் பல வருடங்கள் தேடியவர்களின் பொறுமை. எதையும் சதியென்று சொல்லிவிட்டால் நம் சொந்தத் தவறுகளைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்ளலாம். எதுவுமே சதியில்லை என்றால் முஸத்திக்குக்கு நடந்த அநியாயத்தையே மறுத்துவிடுவோம்.

வட்ஸ்அப்பில் அடுத்த முறை "வெளிநாட்டுச் சதி" என்று ஒரு செய்தி வந்தால், பகிர முன் ஒரு கேள்வி கேட்போம்: ஆதாரம் எங்கே?