பாய்மரத்துச் சிலுவையின் சொந்த ஊர்

வாஸ்கோ ட காமாவின் கப்பல் படத்தைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பார்த்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். காற்றில் புடைத்த பாய், அதன் நடுவே பெரிய சிவப்புச் சிலுவை, அந்தச் சிவப்புக்குள் மெல்லியதாக ஒரு வெள்ளைச் சிலுவை. போர்ச்சுகல் அரசரின் சின்னம் அதுவென்றே பலரும் நினைக்கிறார்கள். அரசரின் சின்னம் வேறு. பாயில் இருந்தது 'கிறிஸ்து சபை' என்ற வீரத் துறவிகளின் அமைப்புக்கு உரிய சிலுவை. சென்ற வாரம் லிஸ்பனில் கப்பல்கள் புறப்பட்ட பெலெம் கரையைச் சுற்றினோம். அந்தப் பயணங்களுக்குத் தொடக்கத்தில் முதல் போட்டு, கொடியும் கொடுத்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் கடலை முதுகுப் பக்கம் விட்டுவிட்டு உள்நாட்டுக்குள் போகவேண்டும். ஊரின் பெயர் தொமார்.

லிஸ்பனின் சாந்தா அப்போலோனியா நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். வழியில் வெகுதூரம் தேஜோ ஆறு வலப்பக்கம் கூடவே வருகிறது. தொமாரில் இருப்பது அதைவிடச் சின்ன ஆறு, நபாவ். ஒரு கரையில் பழைய ஊர், அதன் முதுகில் குன்று, குன்றின்மேல் கோட்டை. பழைய ஊரின் தெருக்கள் கோடு கிழித்தாற்போல நேராக இருக்கின்றன. ஐரோப்பாவின் இடைக்கால ஊர்களில் தெருக்கள் வளைந்து நெளிந்து போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சற்று விநோதமாகத் தெரியும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஊரின் நடுச் சதுக்கத்தில் ஒருபுறம் திருமுழுக்கு யோவான் ஆலயம், எதிரே நகராட்சிக் கட்டடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு போர்வீரர் சிலை. அவர்தான் குவால்திம் பாயிஸ், டெம்ப்ளர் வீரத் துறவிகளின் போர்ச்சுகல் தலைவர். பாலஸ்தீனத்தில் சிலுவைப் போர் புரிந்துவிட்டுத் திரும்பியவர். அஃபோன்சோ என்ரிக்ஸ் அரசர் முஸ்லிம்களிடமிருந்து பிடித்த நிலங்களைக் காவல் காக்க ஆள் வேண்டியிருந்தது. டெம்ப்ளர்களுக்கு இந்தப் பகுதியைத் தானமாகக் கொடுத்தார். 1160 மார்ச்சில் குவால்திம் கோட்டை கட்டத் தொடங்கினார்.

கால்மணி நேரம் குன்றேறினால் கோட்டை. 1190இல் மொராக்கோவிலிருந்து வந்த அல்மொகாத் படை இதை முற்றுகையிட்டது. குவால்திமுக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. கோட்டை விழவில்லை. அந்த முற்றுகையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது: எதிரியிடம் 4 லட்சம் குதிரைப் படை, 5 லட்சம் காலாட்படை, ஆறு நாள் முற்றுகை என்கிறது. மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகிய நாம் இதற்கெல்லாம் அசரமாட்டோம். அந்தக் குன்றைச் சுற்றி ஒன்பது லட்சம் பேர் நின்றிருந்தால் நபாவ் ஆறு ஒரே நாளில் வற்றியிருக்கும். ஆனாலும் சண்டை கடுமையாகவே நடந்திருக்கிறது. எதிரிகள் உடைத்து நுழைந்த வாசலுக்கு 'இரத்த வாசல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கோட்டைச் சுவரையொட்டி நிற்பதுதான் கிறிஸ்து சபையின் மடம். அதன் மிகப் பழைய பகுதி 'ஷரோலா' என்ற வட்டக் கோயில், 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கியது. வெளியே பதினாறு பக்கங்கள். உள்ளே எட்டுத் தூண்கள் சேர்ந்து எழுப்பிய எண்கோண மண்டபம். இரண்டுக்கும் இடையே சுற்றிவரும் பாதை. எருசலேமில் இயேசுவின் கல்லறைமீது எழுந்த ஆலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியது என்கிறார்கள். வீரர்கள் குதிரைமேல் அமர்ந்தபடியே இங்கு பூசை கண்டார்கள் என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வதுண்டு. ஆதாரம் ஒன்றும் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனுவேல் அரசர் காலத்தில் தீட்டிய ஓவியங்களும் பொன்பூச்சும். போர்வீரர்களின் மொட்டைக் கல்கோயிலுக்கு இந்தியச் சரக்கின் வரும்படி பூட்டிய நகை என்று எனக்குத் தோன்றியது.

டெம்ப்ளர்களின் கதை ஐரோப்பாவில் முடிந்த விதம் பலருக்கும் தெரிந்ததே. 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப் அவர்களைக் கூண்டோடு கைது செய்தார். அவர்களிடம் அவர் பட்டிருந்த கடன் கொஞ்சமல்ல. 1312இல் போப்பாண்டவர் அமைப்பையே கலைத்தார். அவர்களுடைய சொத்து மருத்துவ வீரர் சபைக்குப் போகவேண்டும் என்று உத்தரவு. போர்ச்சுகல் அரசர் தினிஷ் இதில் தனிவழி போனார். அந்த நிலங்கள் தம் நாட்டு மண். வெளிநாட்டிலிருந்து ஆளும் ஒரு சபையிடம் அவை போவதில் அவருக்கு விருப்பமில்லை. போப்பாண்டவரோடு வருடக்கணக்கில் பேரம் பேசினார். 1319இல் போப்பாண்டவர் 22ஆம் யோவான் இறங்கிவந்தார்: 'கிறிஸ்து சபை' என்று புதிதாக ஒன்று உருவானது. பழைய டெம்ப்ளர்களின் சொத்து முழுவதும் அதற்கே, பழைய வீரர்கள் பலரும் அதிலேயே. பெயர்ப்பலகை மாறியது, கடை அதேதான். முதலில் தெற்கே காஸ்ட்ரோ மரிமில் இருந்த தலைமையிடம் 1357இல் தொமாருக்கே திரும்பியது.

இந்தச் சபையின் பெட்டிச்சாவி 1420இல் ஓர் இளவரசர் கைக்கு வந்தது. நாம் 'மாலுமி ஹென்றி' என்று படித்தவர். மொராக்கோ கரைக்குச் சண்டைக்குப் போனதைத் தவிர இந்த 'மாலுமி' கடலில் பெரிதாக எங்கும் போனதில்லை. ஆனால் 1460இல் சாகும்வரை நாற்பது ஆண்டுகள் சபையின் ஆளுநராக இருந்தார். குத்தகையும் தசமபாகமுமாகச் சபைக்கு வந்த வருமானம், ஆப்பிரிக்கக் கரையோரம் இறங்கிச் சென்ற கப்பல்களுக்கு முதலாயிற்று. 1434இல் ஜில் எயானிஷ் போஜதோர் முனையைத் தாண்டினார். பத்தே ஆண்டில், 1444இல், லாகோஸ் துறையில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கிப் பங்குபோட்டார்கள். அந்த இடத்தில் குதிரைமேல் அமர்ந்து ஹென்றி பார்த்துக்கொண்டிருந்ததையும், ஐந்தில் ஒரு பங்கு அவருக்குப் போனதையும் போர்ச்சுகல் அரசவை வரலாற்றாசிரியர் சுராராவே எழுதிவைத்திருக்கிறார். தாயும் பிள்ளையும் வேறு வேறு பங்கில் விழுந்து கதறியதையும் அதே பக்கங்களில் சொல்கிறார். ஹென்றிக்குச் சிலை வைத்த ஊர்கள் இந்தப் பக்கங்களையும் படிக்கத்தான் வேண்டும்.

தொமாரின் தெருக்கள் நேராக இருப்பது ஹென்றியின் வேலை. ஊரைத் திருத்தி அமைத்தவர் அவர். மடத்திலும் இரண்டு முற்றங்கள் அவர் கட்டியவை: ஒன்று இறந்த துறவிகளைப் புதைக்க, இன்னொன்று உயிரோடு இருப்பவர்களின் உடை துவைக்க.

ஹென்றியின் கடைசிக் காலத்தில் நடந்த ஒரு காரியம் நமக்கு முக்கியமானது. 1456இல் போப்பாண்டவர் மூன்றாம் கலிஸ்துஸ் ஓர் ஆணை வெளியிட்டார். போஜதோர் முனை தொடங்கித் தெற்கே ஆப்பிரிக்கக் கரை நெடுக, இந்தியர்கள் வாழும் இடம் வரையில், ஆன்மிக அதிகாரம் கிறிஸ்து சபைக்கே உரியது என்றது அந்த ஆணை. கோழிக்கோட்டில் காமா கால் வைப்பதற்கு அப்போது இன்னும் 42 ஆண்டுகள் இருந்தன. இந்தியா எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாத ஒரு மலைக்கோட்டை மடத்துக்கு அதன்மேல் பட்டா எழுதிக் கொடுத்தாயிற்று.

இனி அந்தப் புகழ்பெற்ற சன்னல். தொமாருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகவே வருகிறார்கள். ஷரோலாவின் மேற்கே மனுவேல் அரசர் ஒரு நீண்ட கூடத்தைச் சேர்த்துக் கட்டச் சொன்னார். 1510 முதல் 1513 வரை அந்தப் பணியைச் செய்தவர் சிற்பி தியோகு த அருடா. கூடத்தின் மேற்குச் சுவரில் இருக்கிறது சன்னல். சாந்தா பார்பரா முற்றத்தில் நின்றுதான் அதைப் பார்க்க முடியும். முறுக்கேறிய வடங்கள், முடிச்சுகள், பவளக்கொடி, கடற்பாசி, சங்கிலி, வேரோடு ஒரு மரம். அந்த வேரைத் தாங்கியபடி அடியில் தாடிவைத்த ஒரு மனிதர். அவர் சிற்பியே என்று சிலரும் கடலோடி என்று சிலரும் வாதாடுகிறார்கள். உச்சியில் கிறிஸ்து சபையின் சிலுவை. இரு பக்கமும் மனுவேலின் சொந்தச் சின்னமான வளையக் கோளம். சுவரை முட்டுக்கொடுத்து நிற்கும் தூண்களில் ஒன்றைப் பெரிய கல் இடைவார் சுற்றியிருக்கிறது, கொக்கியும் உண்டு. இன்னொன்றைச் சங்கிலி சுற்றியிருக்கிறது.

அழகா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஒரு விரற்கடை இடம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது என்று சிற்பி அடம்பிடித்த வேலை. ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். 1510இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைப் பிடித்தார், 1511இல் மலாக்காவை. இங்கே கல்தச்சர்கள் வடத்தின் முறுக்கைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே நாள்களில் அங்கே பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது. கடற்கரையிலிருந்து இத்தனை தள்ளி, இந்தத் தச்சர்கள் கல்லில் பவளம் வளர்த்ததற்கு அந்தச் செய்திகள்தான் காரணம்.

மடம் மொத்தமாகப் பெரிது. முற்றங்களே எட்டுக்குக் குறையாது. மூன்றாம் ஜொவாவ் அரசர் வீரர்களைச் சுவருக்குள் அடைபட்ட துறவிகளாக மாற்றி, அவர்களுக்காகக் கட்டிக்கொண்டே போனார். அவர் காலத்து இறுதியில் தொடங்கிய பெரிய முற்றம் இத்தாலியப் பாணியில் அளவெடுத்துச் செய்தது. 1581இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பைப் போர்ச்சுகலுக்கும் அரசராகப் பிரபுக்கள் ஏற்றுக்கொண்டது இந்தத் தொமாரில்தான். மடத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு, 180 வளைவுகளோடு ஒரு நீர்ப்பாலம் கட்டினார்கள், 1614இல் முடிந்தது. பிற்பாடு நெப்போலியனின் படை வந்து பாடகர் குழுவின் மரச்சிற்ப இருக்கைகளை நாசமாக்கிவிட்டுப் போனது. 1834இல் அரசு எல்லா மடங்களையும் மூடியது. 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

இவ்வளவையும் பார்த்துவிட்டுக் களைத்துப்போய் நேராக ரயிலுக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம். அப்படிப் போனால் ஊரின் இன்னொரு பாதியைப் பார்க்காமலே திரும்புகிறீர்கள். சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய தெரு, ஒருகாலத்தில் யூதர் தெரு. அங்கே 15ஆம் நூற்றாண்டில், ஹென்றியின் காலத்தில் கட்டிய யூதத் தொழுகைக் கூடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே சிறிய சதுரக் கூடம், நான்கு மெல்லிய தூண்கள், மேலே செங்கல் வளைவுக் கூரை. சுவர் மூலைகளில் உயரத்தில் ஓட்டைகள் தெரியும். மண்பானைகளைக் கவிழ்த்துச் சுவருக்குள் பதித்திருக்கிறார்கள், ஓதும் குரல் கூடமெங்கும் தெளிவாகக் கேட்பதற்காக. குன்றின்மேல் இருந்த பணத்தோடு ஒப்பிட்டால் செலவே இல்லாத தொழில்நுட்பம்.

கூடத்தில் இன்று இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஆபிரகாம் சக்கூதோ பெயர். 1492இல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியபோது போர்ச்சுகலுக்குத் தப்பிவந்த வானியல் அறிஞர். நிலநடுக்கோட்டைத் தாண்டினால் துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். பிறகு கப்பல் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதற்கு நடுப்பகல் சூரியனின் உயரத்தைத்தான் நம்பவேண்டும். சூரியனோ நாளுக்கு நாள் இடம் மாறுவது. எந்த நாளில் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு சக்கூதோவின் அட்டவணைகளில் இருந்தது. 1496இல் லெய்ரியா ஊரில் ஒரு யூத அச்சகத்தில் அந்த நூல் அச்சேறியது. அதே 1496 டிசம்பரில் யூதர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று மனுவேல் ஆணையிட்டார். மறுஆண்டு வெளியேறவும் விடாமல் ஆயிரக்கணக்கானோருக்குக் கட்டாய ஞானஸ்நானம். 1497 ஜூலையில் காமா புறப்பட்டார், சக்கூதோவின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு. சக்கூதோ துனிசுக்கு ஓடினார்.

தொழுகைக் கூடம் சிறைச்சாலை ஆனது. பிறகு சிற்றாலயம், அதன்பிறகு வைக்கோல் போடும் கொட்டகை, சரக்குக் கிடங்கு. 1923இல் சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற போலந்து நாட்டுச் சுரங்கப் பொறியாளர் சொந்தப் பணத்தில் அதை வாங்கிச் சுத்தம் செய்து, 1939இல் அரசுக்குக் கொடுத்தார். குன்றைக் காப்பாற்ற அரசாங்கமும் உலக அமைப்புகளும் உண்டு. கீழே இருந்த இந்தக் கூடம் பிழைத்தது ஒரு வெளிநாட்டுக்காரரின் கைப்பணத்தில்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜூலையில் இங்கே தட்டுத் திருவிழா நடக்கும். முப்பது ரொட்டிகளைக் குச்சிகளில் கோத்து, காகிதப் பூக்கள் சுற்றி, உச்சியில் கிறிஸ்து சபைச் சிலுவையோ புறாவோ வைத்து, தங்கள் உயரத்துக்குச் சமமான அந்தக் கோபுரத்தை வெள்ளை உடுத்த பெண்கள் தலையில் சுமந்து ஊரைச் சுற்றுவார்கள். முளைப்பாரி எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த நடை பழகிய நடையாகத் தெரியும். திருவிழா இல்லாத காலத்தில் வருகிறவர்களுக்கு ஆறுதல் 'தொமார் துண்டு': முட்டை மஞ்சள் கருவை மட்டும் நெடுநேரம் அடித்து, கொதிநீரின்மேல் வேகவைத்து, துண்டு போட்டுச் சர்க்கரைப் பாகில் ஊறவைப்பது. இரண்டு துண்டுக்குமேல் என்னால் முடியவில்லை.

கடைசியாக ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போகவேண்டும். சாந்தா மரியா தோ ஒலிவால் என்ற எளிய கல்கோயில். டெம்ப்ளர் தலைவர்களைப் புதைத்த இடம்; 1195இல் இறந்த குவால்திமின் கல்வெட்டு சுவரில் இருக்கிறது. கூட்டமே இருக்காது. ஆனால் 1456 ஆணையின்படி கடல்கடந்த நாடுகளில் போர்ச்சுகீசியர் எழுப்பிய ஆலயங்களுக்கெல்லாம் தாய்க்கோயில் இதுதான். கொச்சியில் 1503இல் மரத்தால் கட்டிய ஆலயத்துக்கு ஆயர் என்று இந்தியாவில் யாரும் இல்லை. அதன்மேல் அதிகாரம் தொமாரின் குருவிடம் இருந்தது. 1514இல் அந்த அதிகாரம் மதேய்ரா தீவிலுள்ள ஃபுன்ஷால் மறைமாவட்டத்துக்கு மாறியது, 1534இல் கோவா தனி மறைமாவட்டமானது. அடுத்த சில ஆண்டுகளில், 1536–37இல், கொச்சியிலிருந்து புறப்பட்ட குருக்கள் பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க நம் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கினார்கள். கடலில் பரதவர்களுக்கு அப்போது இருந்த நெருக்கடி என்ன, போர்ச்சுகீசியரின் துணையை அவர்களே தேடிப் போனது ஏன், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதெல்லாம் அடுத்த வாரம், தூத்துக்குடிக் கரையிலிருந்து.