சேரன்மாதேவி குருகுலத்தின் வரவும் செலவும்

சேரன்மாதேவி குருகுலத்தின் கதையைச் சாதிச் சண்டையாகவோ, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு முன்கதையாகவோதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதன் பணக்கணக்கைத் தொட்டுப் பார்த்தால், அந்தப் பள்ளிக்கு இருந்த ஒரே முதல், பணம் கொடுத்தவர்களின் நம்பிக்கைதான் என்பது விளங்கும். 1922-இல் தாமிரபரணிக் கரையில் அதைத் தொடங்கிய வ.வே.சு. ஐயர் அரசு மானியத்தை நாடவில்லை. தேசியக் கல்வி தர முனைந்தவர் அதை நாடவும் முடியாது. புதுச்சேரியில் அவர் கழித்த அஞ்ஞாத ஆண்டுகளையும், 'தேசபக்தன்' தலையங்கத்துக்காக அனுபவித்த சிறையையும் மதித்துத்தான் ஊர் மக்களும் மலாயாத் தமிழரும் அள்ளிக் கொடுத்தார்கள். அவர்களில் பிராமணரல்லாதார் பலர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 கொடுத்தது.

பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளிவந்ததும் அந்த முதல் கரையத் தொடங்கியது. வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் விடாமல் எழுதினார். காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதி 5,000-ஐ நிறுத்திவைத்தார். தமக்குத் தெரியாமலே இன்னொரு செயலாளர் அதைக் கொடுத்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அது உண்மையானால் அன்று கைக்கு வந்த தொகையைவிட இழந்த மதிப்பு பெரிது.

தனியே உண்டவர்கள் இரண்டே பிள்ளைகள்தான், அதுவும் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் என்று ஐயர் தரப்பு சொன்னது. கொடுத்த வாக்கை மீறத் தயங்கியவரை ஏளனம் செய்யக் கூடாது. இனிமேல் சேர்க்கும் பிள்ளைகளுக்கு அப்படி வாக்களிக்க வேண்டாம் என்ற வகையில் காந்தியும் சமரசம் தேடினார். ஆனால் தேசத்தின் பேரால் எல்லாரிடமும் கையேந்திய பள்ளி, இரண்டு பெற்றோரின் நிபந்தனையை மட்டும் ஏற்றுக்கொண்டு, பணம் கொடுத்த ஆயிரம் பேரின் எதிர்பார்ப்பைத் தள்ளிவைத்தது எப்படி நியாயம்? பணம் தந்தவர் பாடத்திட்டத்தில் தலையிடுவது வேறு; தம் பிள்ளை எந்த இலையில் உட்காருவான் என்று கேட்பது வேறு. பின்னதைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அதனால்தான் குருகுலம் நலிந்தது என்பவர்களும் உண்டு. அந்த இழப்பு பெரிதுதான். ஆனால் தேசிய நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் அதற்கு முன்பே, ஏப்ரலில், கமிட்டியில் நிறைவேறியிருந்தது. ராஜாஜி முதலானோர் கமிட்டியிலிருந்து விலகியும் விட்டார்கள். ஐயர் இருந்திருந்தாலும் பழைய வாசல்களில் மறுபடி நன்கொடை கேட்டு நிற்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.