முயல் தின்ற மஞ்சள் கரு

"முட்டை சாப்பிடுங்க, ஆனா மஞ்சளை எடுத்துடுங்க." நாற்பதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே பின்னால் போனால், ரஷ்யாவில் ஒரு முயல் கூண்டுக்கு முன்னால் போய் நிற்போம்.

1908-ல் இக்னடோவ்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை கொடுத்து வளர்த்தார். அவற்றின் ரத்தக்குழாய்கள் தடித்துப் போயின. புரதம்தான் காரணம் என்று அவர் நினைத்தார். 1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவும் செமியோன் சலாட்டோவும் அது புரதம் இல்லை என்று காட்டினார்கள். முட்டை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் ரத்தக்குழாயில் அதே கொழுப்புப் படிவு வந்தது.

அருமையான ஆராய்ச்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் முயல் இலை தழை தின்கிற பிராணி. அதன் இயற்கையான உணவில் கொலஸ்ட்ரால் கிடையாது, வந்து சேர்வதைச் சமாளிக்க அதன் உடம்புக்குத் தெரியாது. எலிக்கும் நாய்க்கும் அதையே கொடுத்தபோது அவ்வளவு எளிதாக இந்த நோய் வரவில்லை. மனுஷ உடம்பில் இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, முக்கியமாகக் கல்லீரல். சாப்பாட்டில் கூடுதலாக வந்தால், பெரும்பாலானவர்களுக்கு உள்ளே தயாரிப்பது குறைந்துவிடும்.

அப்புறம் அமெரிக்கா. 1955-ல் அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. நடுவயது ஆண்கள் பொத்பொத்தென்று விழுந்துகொண்டிருந்த காலம் அது. இறைச்சியிலும் வெண்ணெயிலும் இருக்கிற நிறைவுற்ற கொழுப்பைத்தான் ஆன்சல் கீஸ் முக்கியமாகக் குற்றம் சாட்டினார். உணவில் வரும் கொலஸ்ட்ரால் மனிதர்களிடம் பெரிய மாற்றம் செய்வதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் 1968-ல் அமெரிக்க இதய சங்கம் ஒரு கணக்குப் போட்டது: நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம். ஒரு முட்டையிலேயே சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. 1984-ல் டைம் பத்திரிகை அட்டையில் இரண்டு பொரித்த முட்டைகளைக் கண்ணாகவும் ஒரு பன்றி இறைச்சித் துண்டைக் கவிழ்ந்த வாயாகவும் வைத்துச் சோகமுகம் போட்டது. முட்டையின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

சரி, அதே காலத்தில் நம்மூரில் என்ன நடந்தது? 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-ல் வாரம் ஒன்று. 2010-ல் வாரம் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். அதாவது, அமெரிக்கப் பெரியவர்களுக்கு மூன்றுதான் என்று ஒரு காலத்தில் சொன்ன இடத்தில், நம் பிள்ளைகளுக்கு ஐந்து முழு முட்டை.

இதில் முரண்பாடு இருக்கிற மாதிரி தெரியும். யாருக்கு என்று கேட்டால் தெளிந்துவிடும். அங்கே பிரச்சினை, தட்டு நிறைய இறைச்சியும் வெண்ணெயும் சாப்பிட்டவரின் இதயம். இங்கே பிரச்சினை, சோறும் சாம்பாரும் மட்டுமே சாப்பிடுகிற குழந்தையின் வளர்ச்சி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மற்ற உணவுகளின் புரதத் தரத்தை அளக்க முட்டையையே அளவுகோலாக வைத்த காலமும் உண்டு. வைட்டமின் ஏ, டி, மூளைக்கு வேண்டிய கோலின் எல்லாம் மஞ்சளில்தான் இருக்கின்றன, பி12-இன் பெரும்பகுதியும் அங்கேதான். மஞ்சளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புரதமும் தண்ணீரும்தான்.

1999-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஹார்வர்ட் ஆய்வு ஒன்று வெளியானது. நாளுக்கு ஒரு முட்டை வரை சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களுக்கு இதயநோய் கூடவில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் மட்டும் கூடுவது போலத் தெரிந்தது. 2015-2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டியில் அந்த 300 மில்லிகிராம் கணக்கும் போய்விட்டது. விவகாரம் அத்தோடு முடிந்துவிடவில்லை. 2019-ல் இன்னொரு பெரிய ஆய்வு முட்டைக்கும் இதயநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. சர்க்கரை உள்ளவர்கள், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் கூடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

மற்றபடி, வீட்டில் அப்பாவுக்குச் சொன்ன பத்தியத்தைப் பிள்ளையின் தட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். சத்துணவுக் கூடத்தில் முட்டையை முழுசாகத்தான் கொடுக்கிறார்கள். வீட்டிலும் அப்படியே கொடுக்கலாம்.