ஜெபமாலையும் சம்பளச் சீட்டும்: ஓர் இளைஞர் ஜெபத்தின் கதை

இந்த எபிசோடுல ஒரு ஜெபத்தோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். ஜெபப் புத்தகத்துல தேடினா இது கிடைக்காது.

முதல்ல ராயபுரம். அங்கே இருக்கிற புனித இராயப்பர் கோயில், துறைமுகத்துல படகு ஓட்டினவங்க 19-ஆம் நூற்றாண்டுல எழுப்பினது. இராயப்பர்னா பேதுரு, அவரும் மீன்பிடிச்சவர்தான். வடசென்னையில கோயிலும் கூலி வேலையும் அப்போதிலிருந்தே பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

அப்புறம் தொழிற்சாலைகள் வந்தன. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளின் எம்.ஆர்.எஃப். புல்லட் தயாரித்த என்ஃபீல்டும் அதே ஊர். எண்ணூரில் அசோக் லேலண்ட். இப்படி ஒரு இடத்துல ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பையன், ஞாயிற்றுக்கிழமை பங்கு இளைஞர் குழுவுல உட்கார்ந்தா என்ன ஜெபிப்பான்?

கத்தோலிக்க உலகத்துல இதுக்கு ஒரு பழைய பதில் இருந்தது: மாதா சபை, அப்புறம் 1921-இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை. வாரக் கூட்டம், ஜெபமாலை, நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறது. நிறைய பேருக்கு அது பெரிய ஆறுதல். ஆனா ஓவர்டைம் காசு வரலைன்னா அதை எங்கே சொல்றது? பாவசங்கீர்த்தனத்துல நம்ம பாவத்தைத்தான் சொல்ல முடியும், மேஸ்திரி பாவத்தை இல்ல.

இதே கேள்வியோட பெல்ஜியத்துல ஒரு பாதிரியார் இருந்தார். பேரு ஜோசப் கார்டைன். இவர் குருமடத்துல படிக்கப் போனபோது, கூடப் படிச்ச நண்பர்கள் ஆலை வேலைக்குப் போயிட்டாங்க. விடுமுறைக்கு ஊர் திரும்பினப்போ அவங்க இவரை அந்நியனா பார்த்தாங்க. அந்த வலியிலிருந்து பிறந்ததுதான் 1925-இல் போப் பதினொன்றாம் பயஸின் ஆதரவைப் பெற்ற இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம்.

அதோட வழிமுறை மூணே சொல்: பார், எடைபோடு, செய். சின்னக் குழுவா உட்காருவாங்க. அந்த வாரம் வேலையிடத்துல நடந்த ஒரு நிஜ சம்பவத்தை ஒருத்தர் சொல்லணும். ஏன் அப்படி நடந்துச்சு, யாருக்குப் பாதிப்புன்னு எல்லாரும் கேட்பாங்க. அப்புறம் நற்செய்தியைத் திறந்து, இது சரியான்னு பார்ப்பாங்க. கடைசியா, செய்யக்கூடிய ஒரு காரியத்தை முடிவு பண்ணுவாங்க. அடுத்த கூட்டத்துல கணக்கு சொல்லணும்.

ஜெபம் முடிஞ்சதும் நடக்கிற மீட்டிங்னு இதை நினைச்சுக்காதீங்க. அவங்களுக்கு இதுவேதான் ஜெபம். சம்பளச் சீட்டும் தியானத்துக்கு உரிய பொருளாச்சு. 1961-இல் போப் இருபத்து மூன்றாம் யோவான் தன் சுற்றுமடலில் இந்த வழிமுறையை ஏற்றுக்கொண்டார்.

ஆனா செய்னு சொன்னா வம்பும் கூடவே வரும். கார்டைனின் முதல் தோழர்கள் இருவர் நாஜிகளின் தாகாவ் முகாமில் இறந்தார்கள். பிறகு திருச்சபைக்குள்ளேயே சண்டை: இது விசுவாசமா, அரசியலா? அந்த இழுபறியில் உலக இயக்கமே 1980-களில் இரண்டாகப் பிரிந்தது.

இந்தியாவில் மாணவர் கிளை வேறொரு கேள்வியைச் சந்தித்தது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கிறிஸ்தவர் இல்லையே? அதனால்தான் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தோடு சேர்ந்து, எல்லா மதத்தவருக்குமாக இளம் மாணவர் இயக்கமும் இங்கே வளர்ந்தது. ஜெபமாலையில் கலந்துகொள்ளாத ஒருவரும் பார், எடைபோடு, செய்யில் கலந்துகொள்ள முடியும்.

2023 டிசம்பரை யோசிச்சுப் பாருங்க. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர்க் கழிமுகத்துல எண்ணெய் படிஞ்சது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சு, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினாங்க. அதுக்கடுத்த ஞாயிறு ஒரு இளைஞர் குழு கூடினா, குடில் போட்டிப் பரிசைப் பத்தியும் பேசலாம், அந்தக் குழாயைப் பத்தியும் பேசலாம்.

உங்க குழு எதைப் பேசும்? சர்ச், கோயில், மசூதி எதோட குழுவா இருந்தாலும் சரி, எங்களுக்கு எழுதுங்க.