இரைப்பையின் மேல்வாய்: நெஞ்செரிச்சலுக்குக் காரணம் தேடிய வரலாறு

உண்ட சிறிது நேரத்தில் மார்பெலும்புக்குப் பின்னே எழும் எரிச்சலை நெஞ்செரிச்சல் என்றும், புளித்த நீர் தொண்டைவரை ஏறி வருவதை எதுக்களித்தல் என்றும் தமிழர் இரு சொற்களால் பிரித்து வழங்கினர். முன்னது துன்பம் உணரப்படும் இடத்தைச் சொல்கிறது, பின்னது அத்துன்பத்தை விளைக்கும் அசைவைச் சொல்கிறது. கிரேக்க மருத்துவரோ ‘கார்டியா’ என்னும் ஒரே சொல்லால் இதயத்தையும் இரைப்பையின் மேல்வாயையும் குறித்தனர். உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்துக்கு இன்றும் மருத்துவ நூல்களில் அப்பெயரே நிலைத்துள்ளது. ஆயினும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த நவீன மருத்துவம் இந்நோயின் வேரை அந்த மேல்வாயில் கண்டறிய 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. அதுவரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதன் பார்வை இரைப்பைக்குள் ஊறும் அமிலத்தின்மீதே பதிந்திருந்தது.

அப்பார்வைக்குக் காரணம் இருந்தது. இரைப்பை நீரில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் 1823ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டு, அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், மென்மயிர் வணிகத்தில் படகோட்டியாக உழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞர் துப்பாக்கி வெடித்துக் காயமுற, அவரைக் காப்பாற்றிய படை மருத்துவர் வில்லியம் போமான்ட், காயம் ஆறிய பின்னும் இரைப்பையில் ஒரு துளை மூடாமலே நின்றதைக் கண்டார். உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே இறக்கி, குறித்த நேரத்தில் வெளியே இழுத்துப் பார்த்து, செரிமானத்தைப் படிப்படியாக அவர் பதிவு செய்தார். அவரது நூல் 1833இல் வெளிவந்தது. உணவு உள்ளே செல்லும்போதே அமில நீர் சுரக்கிறது என்பதும், மிகையுணவும் மதுவும் சினமும் இரைப்பையின் உட்சுவரை மாற்றுகின்றன என்பதும் அதனால் உலகுக்குத் தெரியவந்தன. இவ்வறிவுக்கு விலை கொடுத்தவர் செயின்ட் மார்ட்டின் என்பதை மறக்கலாகாது: வறுமையால் ஆண்டுக்கு 150 டாலர் கூலிக்குத் தம் உடலையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்த அவர், 1880இல் இறந்தபோது, மருத்துவர்கள் அவ்வுடலை எடுத்துச் செல்லாதபடி அது அழுகும்வரை வைத்திருந்து ஆழக்குழியில் அடக்கம் செய்யும் நிலைக்கு அவர் குடும்பத்தினர் தள்ளப்பட்டனர்.

அமிலமே குற்றவாளி என்று முடிவான பின், அதை அடக்குவதே மருத்துவமாயிற்று. சிகாகோவின் பெர்ட்ராம் சிப்பி 1915இல் வகுத்த உணவுமுறை, மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரப்பொடிகளும் (காரம் என்பது இங்கே மிளகாய்ச் சுவையன்று, அமிலத்தை முறிக்கும் வேதிப்பொருள்) கொடுப்பதாக அமைந்தது. இரைப்பைப் புண்ணுக்காக எழுந்த இம்முறை பல பத்தாண்டுகள் நோயாளிகளின் அன்றாட வழக்கமாயிருந்தது. அளவு மீறிய பாலும் காரப்பொடியும் சேர்ந்து இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டிச் சிறுநீரகத்தைக் கெடுத்த நிலைகள் 1920களிலேயே பதிவாயின. பாலேட்டின் கொழுப்பு இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தக்கூடியது என்பது பிற்காலத்தில் தெரிந்தபோது, எரிச்சலைத் தணிக்கக் கொடுத்ததே எரிச்சலுக்கு வழி திறந்திருக்கலாம் என்பதும் புலனாயிற்று.

உணவுக்குழாயின் புண் இரைப்பை நீரால் நேர்வது என்பதை, நியூயார்க்கின் ஆஷர் விங்கல்ஸ்டைன் 1935இல் ஐந்து நோயாளிகளைக் கொண்டு தனிநோயாக முன்வைத்தார். லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பிலிப் அல்லிசன், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை வழியே இரைப்பையின் மேற்பகுதி நழுவி ஏறும் பிதுக்கத்தை இதன் காரணமாகக் கருதி, அதைத் தைத்து இறக்கும் முறையை 1951இல் விளக்கினார். ஆனால் பிதுக்கம் இருந்தும் எரிச்சல் இல்லாதவரும், எரிச்சல் இருந்தும் பிதுக்கம் இல்லாதவரும் உண்டு. யூதர் என்பதால் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு நீங்கி இஸ்தான்புல்லில் பணியாற்றிய ருடால்ஃப் நிசன், 1930களில் ஓர் இளைஞருக்குச் செய்த அறுவையில் உணவுக்குழாயின் அடிப்பகுதியை இரைப்பைச் சுவரால் சுற்றி மூடியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அந்நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லாதிருந்ததை நினைவுகூர்ந்து, பாசல் நகரில் 1955இல் அதையே தனி அறுவையாக்கினார். மேல்வாய்க்குக் காவல் அமைத்தால் நோய் நிற்கும் என்பதை, அக்காவலின் இயல்பு முற்றிலும் விளங்குமுன்பே அவர் கை செய்துகாட்டிற்று.

காவலைக் கருவியால் கண்டவர்கள் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள். உணவுக்குழாயின் கீழ் நுனியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு அழுத்தம் மிகுந்த பகுதி ஒன்று, அதாவது எப்போதும் இறுகி நின்று விழுங்கும்போது மட்டும் திறக்கும் சுருக்குத்தசை, இருப்பதை 1956இல் அவர்கள் அளந்து வெளியிட்டனர். அத்தசை எப்போதும் பலவீனமாயிருப்பதே நோய் என்ற எண்ணத்தை, 1980களின் தொடக்கத்தில் ஜான் டென்ட், வைலி டாட்ஸ் முதலியோரின் ஆய்வுகள் திருத்தின: விழுங்காத வேளையிலும் அத்தசை சில நொடிகள் தானே தளர்கிறது, பெரும்பாலான எதுக்களிப்பு அந்நொடிகளிலேயே நிகழ்கிறது. வயிறு உப்பி விரியும்போது இத்தளர்ச்சி மிகும்; பெருந்தீனி ஏன் தீங்கு என்பதற்கு இங்கேதான் விடை கிடைத்தது. கொழுப்பு, மது, புகை, கருவுற்ற காலத்தின் புரொஜெஸ்டிரோன் இயக்குநீர் ஆகியவை தசையைத் தளர்த்துகின்றன. உடற்பருமன் வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. மிளகாய் பெரும்பாலும் ஏற்கெனவே புண்பட்ட குழாயை உறுத்துகிறது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அமிலச் சுரப்பு இயல்பான அளவிலேயே இருந்தது.

அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் 1976இலும், அதனினும் வலிய ஒமெப்பிரசோல் 1988இலும் விற்பனைக்கு வந்து கோடிக்கணக்கானோரின் துயர் தணித்தன. அம்மருந்துகளை உண்பவருக்கும் மேல்வாய் முன்போலவே திறக்கிறது, நீர் முன்போலவே ஏறுகிறது. ஏறும் நீரில் சுடும் அமிலம் மட்டுமே குறைந்திருக்கிறது.