சங்கிலிக் கவசம்

சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்யும் போர் உடை. வளையக் கவசம் என்றும் வழங்கும். ஒவ்வொரு வளையமும் பெரும்பாலும் நான்கு வளையங்களோடு பிணைந்திருக்கும். கம்பி வளையத்தின் முனைகளைத் தட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளையிட்டு, கடுகளவு ஆணி அறைந்து மூடுவது ஐரோப்பிய வழக்கம். சங்கிலிக் கவசம் வாள்வெட்டைத் தடுக்கும். தண்டாயுத அடியைத் தாங்காது. எனவே உள்ளே தடித்த மெத்தை அங்கி அணிந்தனர்.

இதைக் கெல்ட் மக்களே முதலில் செய்தனர் என்பது பரவலான கருத்து. ருமேனியாவின் சியூமெஷ்டி கல்லறையில் கிடைத்த கவசம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ரோமானியர் இதை ஏற்றுத் தம் படைக்குரியதாக்கினர். ரோமப் பேரரசுக்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளுக்கு, இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைகுழியில் கிடைத்த துருக்கட்டி போன்ற சிதறிய சான்றுகளே உள்ளன.

இடைக்கால ஓவியர்கள் வளையங்களைப் பலவிதமாக வரைந்தனர். 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் சிலர் அவற்றை வெவ்வேறு கவச வகைகளாகப் பிரித்துப் பெயரிட்டனர். அவை யாவும் ஒரே கவசம் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. ‘சங்கிலி’ என்னும் அடைமொழியும் ஆங்கிலத்தில் பிற்காலத்தில் பரவியதே. இடைக்காலத்தார் வெறுமனே ‘மெயில்’ என்றனர்.

இடைக்காலக் கவசத்துக்கு மிகத் தெளிவான சான்று சுவீடனின் கோட்லாந்துத் தீவிலுள்ள விஸ்பி நகரில் கிடைத்தது. 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசர் நான்காம் வால்டமாரின் படை, நகர மதிலுக்கு வெளியே தீவின் உழவர்படையை வீழ்த்தியது. இறந்தோரைக் கவசத்தோடே குழிகளில் இட்டு மூடினர். கோடை வெயிலில் உடல்கள் விரைவில் அழுகியதே காரணம் என்பர். பழைய கவசங்களை எவரும் விரும்பவில்லை என்போரும் உண்டு. 1905 முதல் நடந்த அகழாய்வுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. சில மண்டையோடுகளில் வளையத் தலைமறைப்பு அப்படியே ஒட்டியிருந்தது. துருவேறி இறுகிய அதன் வளையங்களை இன்றும் தனித்தனியே காணலாம். கீழ்க்கால் எலும்புகளில் வெட்டுக்காயங்கள் மிகுதி. கவசம் எட்டாத இடம் அதுவே போலும்.

14ஆம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் பெருகியபின் வளையப் பின்னல் அக்குள் போன்ற மூட்டிடங்களுக்கு ஒதுங்கியது. இந்தியாவில் அது நெடுங்காலம் நிலைத்தது. 1600ஐ ஒட்டிய யானைக் கவசம் ஒன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளது: தகடுகளை வளையங்களால் இணைத்தது, எஞ்சிய பகுதியே 118 கிலோ. அதைக் கொண்டுசென்றவர் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் மனைவி.

இன்று இறைச்சி வெட்டுவோர் கையுறையிலும் சுறாக்களிடையே மூழ்குவோர் உடையிலும் எஃகு வளையப் பின்னல் பயன்படுகிறது.